எல்லாம் கிடைத்தும் மனம் நிறையுமா?



சுந்தரபாண்டியத்துப் பக்கம் வயலிலேயே எழுபது வயதைக் கடந்துவிட்ட ஒரு பெரியவர், அஸர் தொழுகை முடிந்தபின் தூணோரமாக உட்கார்ந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அஸரத், சுவனத்திலே நினைச்சதெல்லாம் நினைச்ச உடனே கிடைக்கும்னு பயான்லே சொல்றீங்க. அங்கே எனக்கு என்ன வேலை? சும்மா உட்கார்ந்தே இருந்தா அலுத்துப் போகாதா?" கேட்டுவிட்டு, இப்படிக் கேட்டது குற்றமோ என்று அவரே பயந்தும் போனார்.

அன்று நான் நடந்துகொண்டது சரியில்லை. இது ஷைத்தானின் ஊசலாட்டம், இஸ்திக்ஃபார் செய்யுங்கள் அத்தா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். பிறகுதான் சங்கதி தெரிய வந்தது. மக்கள் இருவரும் சவூதியில் சம்பாதித்து வீட்டை எடுத்துக் கட்டி, வயலைக் குத்தகைக்கு விட்டு, இனி வெயிலில் இறங்கவே கூடாது என்று அவரை உட்கார வைத்துவிட்டார்கள். வேளைக்குச் சோறு, மெத்தை, குளிர்சாதனம், எதிலும் குறையில்லை. ஆனால் மனிதர் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார். அவர் கேட்டது சுவனத்தைப் பற்றித்தான். ஆனால் அந்தக் கேள்வி முளைத்த இடம் அவர் வீட்டுத் திண்ணை.

குறையே இல்லாத ஓர் ஊர் வாய்த்தால் மனிதன் அங்கே மகிழ்ச்சியாக இருப்பானா? திருமறையே இந்தக் கேள்வியை எடுத்துப் பேசுகிறது. ஸபா கூட்டத்தாரின் வரலாற்றை அந்தப் பெயர் கொண்ட சூராவில் பாருங்கள். யமன் நாட்டில் மஃரிப் அணையின் நீரால் வலப்புறமும் இடப்புறமும் தோட்டங்கள். பிளவக்கல் அணையில் தண்ணீர் நின்றால் நம் பக்கத்து முகங்கள் எப்படி மலரும் என்று அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, பயணம் போகும் வழியெல்லாம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஊர்கள். இரவோ பகலோ, அச்சமில்லை. இவ்வளவும் இருந்தும் அவர்கள் கேட்ட துஆ என்ன தெரியுமா? எங்கள் பயணங்களின் தூரத்தை அதிகமாக்கு என்பது! சுகமே அவர்களுக்குச் சலித்துவிட்டது என்று முஃபஸ்ஸிரீன்கள் விளக்கம் எழுதுகிறார்கள். பிறகு வெள்ளம் வந்து, தோட்டங்கள் இருந்த இடத்தில் கசப்புக் கனி மரங்களும் கொஞ்சம் இலந்தையுமே மிஞ்சின. மன்னும் ஸல்வாவும் இறங்கிக்கொண்டிருந்தபோதே வெங்காயத்தையும் பருப்பையும் கேட்ட பனூ இஸ்ராயீல்களின் கதையும் இதே வகைதான்.

இது பழங்காலத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். நம் தமிழ்நாட்டிலேயே புதுச்சேரிக்கு அருகில் ஆரோவில் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28ஆம் நாள் 124 நாடுகளின் மண்ணை ஒரே கலசத்தில் இட்டு அதைத் தொடங்கினார்கள். நாடு, மதம், அரசியல் ஆகிய வேற்றுமைகள் இன்றி, பணத்தை எஜமானாக்காமல் 50,000 பேர் கூடி வாழும் நகரம் என்பது திட்டம். கட்டாந்தரையாகக் கிடந்த செம்மண் மேட்டை அவர்கள் காடாக்கிக் காட்டியது சாதாரணக் காரியமல்ல. இதை மனம் திறந்து பாராட்டத்தான் வேண்டும். ஆனால் நடந்தது என்ன? 1973இல் அதை நிறுவிய அன்னை என்பவர் மறைந்ததும், நிர்வாகம் யாருடையது என்று வழக்கு மூண்டது. 1980இல் மத்திய அரசு தனிச் சட்டம் போட்டு நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. 1988இல் இன்னொரு சட்டம். 2021 டிசம்பரில் சாலை போடுவதற்காக மரங்களை இயந்திரம் கொண்டு அகற்றியபோது அங்குள்ளவர்களே இரண்டு பிரிவானார்கள். வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்துக்கும், பின்பு உச்ச நீதிமன்றத்துக்கும் போயிற்று. திட்டமிட்ட 50,000 எங்கே, இன்று அங்கே வாழும் சில ஆயிரம் எங்கே? குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாமே கூடி அப்படி ஓர் ஊரைக் கட்டினாலும், கந்தூரிச் சோற்றுக்கு யார் முதலில் உட்காருவது என்பதில் சண்டை வந்திருக்கும்!

ஊரை மாற்றலாம். அங்கே குடிவரும் மனிதன் தன் கல்பையும் சேர்த்துத்தானே கொண்டு வருகிறான்? சுவனவாசிகளைப் பற்றி அல்லாஹுத் தஆலா அல்ஹிஜ்ர் சூராவில் கூறும்போது, தோட்டத்தையும் நீரூற்றையும் சொல்லி நிறுத்திவிடவில்லை. அவர்களுடைய நெஞ்சங்களிலுள்ள குரோதத்தைக் களைந்துவிடுவதாகவும் கூறுகிறான். அல்கஹ்ஃபு சூராவிலோ, அவர்கள் அங்கிருந்து வேறிடம் மாறவே விரும்பமாட்டார்கள் என்று வருகிறது. ஸபா கூட்டத்தாருக்கு இல்லாமல் போனது இதுதான்.

இங்கே ஒரு சந்தேகம் எழும். நெஞ்சையே மாற்றிவிட்டால், அங்கே போய்ச் சேருகிறவன் நான்தானா, வேறொருவனா? என் மனதிலும் இது நெடுநாள் கிடந்தது. அந்தப் பெரியவரைத் திருப்பி அனுப்பிய குற்ற உணர்வோடு ஸஹீஹுல் புகாரியில் விவசாயத்தைப் பற்றிய பாடத்தைப் புரட்டினேன். மதரஸாவில் ஓதிய ஹதீஸ்தான். அன்று வாசித்துக் கடந்துபோனேன், அவ்வளவுதான்.

அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிப்பது: சுவனவாசி ஒருவர் தம் இறைவனிடம் பயிர் செய்ய அனுமதி கேட்பார். விரும்பியதெல்லாம் உனக்கு இருக்கிறதே என்று கேட்கப்படும். ஆம், ஆனாலும் பயிர்த்தொழில் எனக்குப் பிரியம் என்பார். அனுமதி கிடைக்கும். விதைத்த கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முளைத்து, விளைந்து, அறுவடையாகி மலைகளைப் போல் குவிந்துவிடும். ஆதமின் மகனே, எடுத்துக்கொள், உன்னை எதுவும் நிறைக்காது என்பான் அல்லாஹ். சபையிலிருந்த கிராமத்து அரபி ஒருவர், அந்த ஆள் குறைஷியாகவோ அன்ஸாரியாகவோதான் இருப்பார், அவர்கள்தானே விவசாயிகள், நாங்கள் அல்லவே என்றார். நபி பெருமானார் (ஸல்) அவர்கள் சிரித்துவிட்டார்கள்.

கவனியுங்கள். அந்த மனிதர் கண்டிக்கப்படவில்லை. சுவனத்தில் வந்து மண்வெட்டி கேட்கிறாயே என்று யாரும் அவரை விரட்டவும் இல்லை. குரோதம் போய்விட்டது, ஆனால் தொழிலின் மேல் இருந்த பிரியம் போகவில்லை. அந்த மனிதர் அவராகவே இருக்கிறார். நிறைக்காது என்ற வார்த்தையைச் சிலர் நிந்தனையாக எடுத்துக்கொள்வார்கள். கேட்டதைக் கையில் கொடுத்துக்கொண்டே சொல்லும் வார்த்தை நிந்தனையாகுமா என்பது என் எண்ணம். இங்கே ஆசை என்றால் ஏக்கமும் கூடவே வரும். அங்கே ஆசை உண்டு, ஏக்கம் இல்லை.

மறுநாளே அவர் வீடு தேடிப் போய், முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு இந்த ஹதீஸைச் சொன்னேன். கண் கலங்கக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "கண்ணிமைக்கும் நேரத்திலே விளைஞ்சுட்டா, நாத்து பச்சை பிடிக்கிறதை எப்போ பார்க்கிறது அஸரத்?" என்றார். எந்தக் கண்ணும் காணாததை அல்லவா அல்லாஹ் அங்கே வைத்திருக்கிறான், நம் மரக்காலால் அதை அளக்க வேண்டாம் அத்தா என்றேன். அதற்குமேல் அவரும் வற்புறுத்தவில்லை.

அவருடைய மக்கள் லீவில் வந்திருந்தபோது நானே போய்ப் பேசினேன். மனிதனைக் கஷ்டத்திலேயே படைத்திருப்பதாக அல்பலத் சூராவில் ரப்பு கூறுகிறானே, உங்கள் அத்தாவிடம் ஓய்வைக் கொடுங்கள், வேலையைப் பிடுங்காதீர்கள் என்றேன். ஊர் என்ன சொல்லும் என்று மூத்தவர் தயங்கினார். கடைசியில் குத்தகையிலிருந்து அரை ஏக்கரை மட்டும் திருப்பி வாங்கித் தந்தார்கள்.

இப்போது பஜ்ருக்கு அவர் மடையைத் திருப்பிவிட்டு வருகிறார். ஹவுளில் காலைக் கழுவினாலும் சேறு முழுதாகப் போவதில்லை. பாயில் தடம் படுகிறது என்று மோதினார் என்னிடம் குறைபட்டுக்கொள்கிறார்.