பாதிப் புத்தகத்தில் இருக்கும்போது: வாசகர்களுக்குச் சில குறிப்புகள்

ஒரு நாவலைப் பாதி படித்திருக்கும்போது நமக்கு வரும் கோபமும் சந்தேகமும் ஊகமும் முடிவு தெரிந்ததும் மறைந்துவிடுகின்றன. 'எனக்கு முதலிலேயே தெரியும்' என்று மனம் கதையை மாற்றிக்கொள்ளும். அந்த நடுவழி எண்ணங்கள்தான் வாசிப்பின் ருசியே. அவற்றைக் காப்பாற்றிக்கொள்ளச் சில வழிகள்.

1. புத்தகத்தோடு ஒரு பென்சில் எப்போதும் இருக்கட்டும். பேனா வேண்டாம், மெல்லிய தாளில் மை மறுபக்கம் ஊறிவிடும். தோன்றியதை ஓரத்தில் எழுதாமல் கடைசி வெற்றுத்தாளில் பக்க எண் போட்டு இரண்டு மூன்று சொற்களில் எழுதுங்கள். '214: இவனை நம்ப முடியவில்லை' என்றால் போதும். நூலகப் புத்தகமானால் ஒரு துண்டுத்தாளில் எழுதி உள்ளே வையுங்கள்.

2. ஊகங்களைத் தேதியோடு எழுதுங்கள். 'பொன்னியின் செல்வ'னின் முதல் பாகத்தில் பெரிய பழுவேட்டரையர் மேல் வரும் எண்ணம் ஐந்தாம் பாகம் வரை அப்படியே நிற்காது. எந்த அத்தியாயத்தில் நம் மனம் இளகத் தொடங்கியது என்பது குறித்து வைத்தவருக்குத்தான் தெரியும். கல்கி அதை எவ்வளவு மெதுவாகச் செய்திருக்கிறார் என்பதும் அப்போதுதான் புலப்படும்.

3. தொடர்கதையாக வந்த நாவலை அத்தியாய முடிவில் மூடி வைக்க முயலாதீர்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்தது. அடுத்த இதழ் வரும்வரை வாசகரைக் காத்திருக்க வைப்பதற்காகவே அத்தியாயத்தின் கடைசி வரி எழுதப்பட்டிருக்கும். இன்று நமக்கோ அடுத்த அத்தியாயம் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. இரவு பத்து மணிக்குத் தூங்க வேண்டுமென்றால், அத்தியாயத்தின் நடுவில் பரபரப்பு அடங்கிய ஓர் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். மறுநாள் தொடரவும் அதுவே எளிது.

4. ரஷ்ய நாவல்களுக்குப் பெயர் அட்டை அவசியம். ஒருவருக்கே சொந்தப் பெயர், தந்தை பெயரிலிருந்து வருவது, குடும்பப் பெயர், வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர் என நான்கு இருக்கும். 'குற்றமும் தண்டனையும்' நாவலில் ரஸ்கோல்னிகோவும், ரோடியோன் ரொமானோவிச்சும், ரோடியாவும் ஒரே ஆள். அவன் தங்கை அவ்தோத்யா ரொமானோவ்னாதான் துனியா. ஒரு தடித்த அட்டையில் இவற்றை எழுதி, அதையே பக்க அடையாளமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நூறு பக்கங்களில் விலகிவிடும் பலரை இந்த ஓர் அட்டை உள்ளே நிறுத்திவிடும்.

5. 'தனிமையின் நூறு ஆண்டுகள்' போன்ற நாவல்களில் அச்சிட்டிருக்கும் வம்சாவளிப் படத்தை முதலிலேயே பார்க்காதீர்கள். யாருக்கு யார் பிறக்கப் போகிறார், யார் யாரோடு சேரப் போகிறார் எல்லாம் அதில் வெளிப்பட்டுவிடும். அர்க்காதியோ, அவுரேலியானோ என்ற பெயர்கள் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்ப வருவதால் குழப்பம் வரத்தான் செய்யும். ஒவ்வொருவரும் வரும்போது நீங்களே கோடு இழுத்து உங்கள் படத்தை வளர்த்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்த அன்றைக்கே அதன் பெயரைச் சேர்க்கலாம்.

6. ('பொன்னியின் செல்வ'னில் பாதியில் இருப்பவர்கள் இதைத் தாண்டிவிடுங்கள்.) சரித்திர நாவல் படிக்கும்போது 'இது நிஜமாக நடந்ததா?' என்ற அரிப்பு வரும். அந்த நொடியில் வரலாற்று நூலைத் திறக்காதீர்கள். கேள்வியை மட்டும் எழுதி வையுங்கள். நாவல் முடிந்ததும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். 'பொன்னியின் செல்வ'னையே எடுத்துக்கொள்ளுங்கள்: குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. நந்தினிக்குக் கல்வெட்டுச் சான்று இல்லை, அவள் கல்கியின் படைப்பு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசனையும் அவன் உடன்பிறந்தாரையும் காட்டுமன்னார்கோயில் அருகே உள்ள உடையார்குடிக் கல்வெட்டு குறிக்கிறது. அந்தக் கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கு இருந்திருக்கும் என்று நீலகண்ட சாஸ்திரி சந்தேகித்தார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். இரண்டு அறிஞர்களின் வாதத்தையும் படிக்கும்போது நாவல் படித்த அதே பரபரப்பு மீண்டும் வருகிறது. நாவலைப் பாதியில் விட்டு இங்கே வந்திருந்தால் இரண்டுமே கெட்டிருக்கும்.

7. வரலாற்று நூலுக்கு இரண்டு பக்க அடையாளங்கள் வேண்டும். ஒன்று படிக்கும் இடத்தில், இன்னொன்று பின்னாலுள்ள குறிப்புகளில். ஒரு பத்தி உங்களைக் கொதிக்க வைத்தால், அதை நாலு பேரிடம் சொல்லுமுன் அதற்கு ஆசிரியர் என்ன ஆதாரம் தந்திருக்கிறார் என்று பின்னால் திருப்பிப் பாருங்கள். இது வாசகரின் கடமை என்றே நினைக்கிறேன்.

8. ஒருவர் மேல் மதிப்பு பக்கத்துக்குப் பக்கம் கூடிக்கொண்டே போகிறதா? 'யார் சொன்னது?' என்று எழுதி வையுங்கள். 1975-இல் வெளிவந்த 'நள்ளிரவில் சுதந்திரம்' விறுவிறுப்பான நூல். லேரி காலின்ஸும் டொமினிக் லேப்பியரும் எழுதியது. மவுண்ட்பேட்டன் அதில் கம்பீரமாகத் தெரிகிறார். நூலாசிரியர்கள் அவரிடமே நீண்ட பேட்டிகள் எடுத்தவர்கள் என்பதை நினைவில் வைத்துப் படித்தால், நம் வியப்பை நாமே கொஞ்சம் எடைபோட்டுக்கொள்ள முடியும். பிரிவினையைப் பற்றி இன்னொருவர் எழுதியதையும் அடுத்து எடுத்துக்கொள்வது நல்லது.

9. பக்கத்தில் பள்ளிக்கூட அட்லஸ் ஒன்று இருக்கட்டும். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' ஜப்பானியப் படை மெடான் நகருக்குள் நுழைவதோடு தொடங்குகிறது. சுமத்ராவில் மெடான் எங்கே, நீரிணைக்கு அக்கரையில் பினாங்கு எங்கே என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டால், கடல் கடந்து போன நம்மவர்களின் தூரமும் தனிமையும் சட்டென்று உறைக்கும். இடையில் வரும் மலாய்ச் சொற்களுக்கு நின்று அர்த்தம் தேட வேண்டாம். பேச்சின் ஓட்டத்திலேயே பாதி விளங்கிவிடும். மீதியைக் கோடிட்டு வைத்துப் பிறகு பார்க்கலாம்.

10. பெரிய நாவலில் அலுப்புத் தட்டும் இடம் வந்தே தீரும். டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' (டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்ப்பு) நாவலில் கதையை நிறுத்திவிட்டு ஆசிரியர் வரலாற்றைப் பற்றி வாதிடும் பகுதிகள் அப்படிப்பட்டவை. இவற்றை இரவில் எடுக்காமல், தலை தெளிவாக இருக்கும் காலை வேளைக்கு வையுங்கள். தாண்டிப் போக வேண்டாம். நெப்போலியனைப் பற்றி அவர் ஏன் அப்படி எழுதுகிறார் என்பதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

11. ஒரே சமயத்தில் இரண்டு புத்தகம் படிக்கலாம். ஒரே காலத்தைப் பற்றிய இரண்டு நாவல்கள் மட்டும் வேண்டாம்.

12. ஹேர்பின், துருப்பிடிக்கும் கிளிப், பூ, ரப்பர் பேண்டு இவை எதையும் பக்கங்களுக்கு நடுவில் வைக்காதீர்கள். வெயில் காலத்தில் ரப்பர் இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். தடிமனான புத்தகத்தை விரித்துக் கவிழ்த்து வைத்தால் முதுகுப் பசை விட்டுப்போகும்.

13. வீட்டில் ஏற்கெனவே படித்தவர் இருந்தால் நல்ல வாய்ப்பு. 'அடுத்து என்ன ஆகும்?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'இந்த இடம் வந்தபோது நீங்க என்ன நினைச்சீங்க, அத்தை?' என்று கேளுங்கள். வாராவாரம் இதழுக்காகக் காத்திருந்து படித்தவர்களிடம் இதற்குப் பெரிய பதில் இருக்கும்.

14. ஒரு மாத இடைவெளிக்குப் பிறகு திரும்பினால் உங்கள் பென்சில் குறிப்புகளையும் கடைசியாகப் படித்த அத்தியாயத்தையும் ஒருமுறை பாருங்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

15. பாதியில் கைவிடும் புத்தகத்தில் காரணத்தை எழுதிச் செருகி வையுங்கள். 'மொழி கடினம்', 'மனம் சரியில்லை', 'ஆசிரியரோடு உடன்பாடில்லை' என எதுவானாலும் சரி. மனம் சரியில்லாததால் விட்டவற்றை மட்டும் தனி அடுக்கில் வைத்தால், மீண்டும் எடுக்கக் கை தானாகப் போகும்.

16. குறிப்பெழுதிய புத்தகத்தை இரவல் கொடுக்கும்போது கடைசித் தாளை மடித்து, அதன்மேல் ஒரு வெள்ளைத்தாளைச் சுற்றிக் கொடுங்கள். உங்கள் ஊகங்களில் சரியாகப் போனவை அடுத்தவரின் கதையைக் கெடுத்துவிடும். அவர் முடித்த பிறகு பிரித்துப் பார்க்கட்டும். தம்முடையதையும் கீழே எழுதித் தரச் சொல்லுங்கள்.