உயிரணுவின் ஒழுங்கான மரணத்தைக் கண்டறியும் முறைகள்

உயிரணுக்கள் பிறப்பதைப் போலவே இறப்பதும் உடலுக்கு இன்றியமையாததாகும். கருவில் விரல்களுக்கு இடையேயுள்ள திசு மடிந்து மறைவதனாலேயே விரல்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. இம்மரணம் உயிரணுவினுள்ளேயே அமைந்த ஓர் ஏற்பாட்டின்படி நிகழ்கிறது. 1972-ஆம் ஆண்டில் கெர், வில்லி, கரி ஆகிய மூவரும் இதற்கு ‘அப்போப்டோஸிஸ்’ என்று பெயரிட்டனர். இலை உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. நஞ்சினாலோ காயத்தினாலோ உயிரணு வீங்கி வெடித்து மடிவது வேறு வகை. அதனால் சுற்றுப்புறத்தில் அழற்சி உண்டாகிறது.

புற்றுநோய் மருந்தொன்றைச் சோதிக்கும்போது, உயிரணுக்கள் எவ்வகையில் இறந்தன என்பது முக்கியமான வினாவாகும். அதற்கு விடைகாண உதவும் முறைகள் வருமாறு:

1. தோற்றம்: மைக்ராஸ்கோப்பில் நோக்கினால், உயிரணு சுருங்கி, உட்கரு இறுகித் துண்டுபட்டு, சவ்வு சூழ்ந்த சிறு உருண்டைகளாகப் பிரிவது தெரியும். திசுவிலோ, அண்டை உயிரணுக்கள் இவ்வுருண்டைகளை விரைவில் விழுங்கிவிடுவதால், காணப்படும் எண்ணிக்கை உண்மையினும் குறைவாகத் தோன்றும்.

2. சவ்வு: சவ்வின் உட்புறத்தில் இருக்க வேண்டிய பாஸ்ஃபடிடில்ஸெரின் என்னும் கொழுப்புப் பொருள், மரணத்தின் தொடக்கத்தில் வெளிப்புறத்திற்கு வந்துவிடுகிறது. ஒளிரும் சாயம் ஏற்றிய அனெக்ஸின்-5 என்னும் புரதம், கால்சியத்தின் துணையுடன் இதனைப் பற்றிக்கொள்ளும். ப்ரோபிடியம் அயோடைடு என்னும் சாயமோ, சவ்வு சிதைந்த உயிரணுவினுள் மட்டுமே நுழையும். முன்னது மட்டும் ஏறியிருப்பின் மரணம் தொடக்க நிலையில் உள்ளது எனக் கொள்ளலாம். இரண்டும் ஏறியிருப்பின், மரணத்தின் வகையை இச்சோதனையால் மட்டும் துணிய இயலாது.

3. என்ஸைம்: காஸ்பேஸ்-3 என்னும் என்ஸைம் வெட்டுப்பட்டே செயலுக்கு வருகிறது. வெட்டுப்பட்ட வடிவத்தை மட்டும் அறியும் எதிர்ப்பொருளைக் கொண்டு இதனைக் காணலாம்.

4. டி.என்.ஏ.: இது சுமார் 180 முதல் 200 இணைகளின் மடங்குகளாக வெட்டப்படுவதால், அகரோஸ் கூழில் மின்சாரம் செலுத்தும்போது ஏணிப்படிகள் போன்ற பட்டைகள் தோன்றும். 1992-இல் வெளியான ‘டனல்’ முறையில், வெட்டுண்ட நுனிகளுக்கு அடையாளம் இட்டு, திசுவின் மெல்லிய சீவலிலேயே அவற்றைக் காண்கின்றனர். ஆனால் நஞ்சினால் மடிந்தவற்றிலும், உடனே பதப்படுத்தாமையால் அழுகிய திசுவிலும் இவ்வடையாளம் ஏறக்கூடும்.

எனவே, ஒரு சோதனையை மட்டும் நம்பி முடிவு கூறுவது தவறாகும். வெவ்வேறு அடிப்படையுடைய இரு முறைகளையேனும் கையாண்டு, மருந்திடாத உயிரணுக்களுடன் ஒப்பிட்டு, பல நேரங்களில் அளந்த பின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும். நிறம் ஏறியது என்பது காட்சி. இறந்த விதம் இன்னது என்பது அனுமானம். இவ்வேறுபாட்டை மாணவர்கள் மறத்தலாகாது.