தெளிந்த நீரும் கரைந்த உப்பும்

நுழையும்முன்

கேட்டு அறிவதைவிடக் கண்டு அறிவது உறுதியானது. கண்டு அறிவதைவிடச் செய்து அறிவது நிலையானது. தொடக்கப்பள்ளிக் குழந்தை தன் கைகளால் செய்து பார்க்கும் எளிய சோதனை, அக்குழந்தை வாழும் ஊரையே புரிந்துகொள்ளத் துணைநிற்பதைப் பாலாற்றங்கரையை முன்வைத்து விளக்குகிறது இப்பாடம்.

தோலும் ஆறும்

கருநாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து தமிழகத்தில் நுழைந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை வழியாகச் சென்று வயலூரில் கடலோடு கலக்கிறது. இவ்வாற்றங்கரை ஊர்கள் தோல் பதனிடும் தொழிலுக்கும் காலணி உற்பத்திக்கும் பெயர்பெற்றவை. உப்பிட்டுக் காக்கப்பட்ட பச்சைத்தோல் முதலில் நீரில் ஊறவைக்கப்படுகிறது. பின்னர்ச் சுண்ணாம்பின் துணையால் மயிர் நீக்கப்படுகிறது. அதன்பின் மரப்பட்டைச் சாறோ குரோமிய உப்போ சேர்த்துப் பதப்படுத்தப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் நீர் தேவை. ஒவ்வொரு படியிலும் கழிவுநீர் வெளியேறுகிறது.

இத்தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. அதே வேளையில், சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் பல்லாண்டுகளாக ஆற்றிலும் நிலத்திலும் கலந்ததால் கிணற்று நீர் கெட்டது, விளைநிலங்கள் பாழாயின. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். இத்தகைய மண்ணில் வளரும் குழந்தைக்கு அறிவியல் என்பது மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பாடமாக மட்டும் இருத்தல் தகுமா?

மூன்று தட்டுகள்

நீர்வடிகட்டி செய்தல் தொடக்கப்பள்ளிகளில் பரவலாக அறியப்பட்ட செயல்பாடு. நெகிழிப் புட்டியின் அடிப்பகுதியை ஆசிரியர் வெட்டித் தருகிறார். குழந்தைகள் அதனைத் தலைகீழாக நிறுத்தி, வாயில் பஞ்சை அடைத்து, அதன்மேல் கழுவிய கரித்துண்டுகள், மணல், கூழாங்கற்கள் ஆகியவற்றை அடுக்குகின்றனர். மேலே ஊற்றிய சேற்றுநீர் கீழே தெளிந்து சொட்டும்போது வகுப்பறையில் எழும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. பெரும்பாலும் செயல்பாடு அத்துடன் நிறைவுபெறுகிறது. உண்மையான பாடமோ அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

சேற்றுநீரில் முன்னரே ஒரு கரண்டி உப்பைக் கரைத்துவிட வேண்டும். வடிந்த நீரை ஒரு தட்டிலும், மழைநீரை மற்றொரு தட்டிலும், ஊர்க் குழாய்நீரை மூன்றாம் தட்டிலும் ஒரே அளவில் ஊற்றி வெயிலில் வைக்க வேண்டும். நீர் வற்றியபின் மழைநீர் இருந்த தட்டில் ஏறத்தாழ ஒன்றும் எஞ்சுவதில்லை. வடிகட்டிய நீர் இருந்த தட்டிலோ உப்பு வெண்மையாகப் படிந்திருக்கிறது. குழாய்நீர்த் தட்டில் படிவது ஊருக்கு ஊர் வேறுபடும்.

‘தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று’ என்னும் உண்மையைக் குழந்தை இவ்வாறு தானே கண்டடைகிறது. கலங்கலை மணல் தடுக்கும். கரைந்த உப்பைத் தடுக்காது. பாலாற்றுப் பகுதியின் நீர்ச்சிக்கலில் மையமானது இக்கரைந்த உப்பே. அதனைப் பிரிக்க எதிர்ச் சவ்வூடுபரவல் போன்ற செலவு மிகுந்த முறைகள் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் தேவைப்படுவது ஏன் என்பதற்கான விடை, அம்மூன்று தட்டுகளில் இருக்கிறது.

மஞ்சளும் கடுக்காயும்

ஊரின் தொழிலை விளக்க அடுக்களைப் பொருள்களே போதும். மஞ்சள் தடவிய தாளில் சவர்க்கார நீர் பட்டால் தாள் சிவக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். சுண்ணாம்பும் சவர்க்காரத்தைப் போலவே காரத்தன்மை உடையது என்பதை இதன்வழி விளக்கலாம். கடுக்காய்த் தூளை ஊறவைத்த நீரில் துருப்பிடித்த ஆணியை இட்டு ஓரிரவு வைத்தால் நீர் கருக்கிறது. கடுக்காயிலுள்ள தானின் என்னும் பொருள் இரும்புடன் வினைபுரிவதே காரணம். அதே தானின்தான் தோலின் புரத இழைகளோடு பிணைந்து, தோல் அழுகாமல் காக்கிறது. தந்தையின் பணியிடத்தில் நிகழ்வது அறிவியலே என்று உணரும் குழந்தை, அப்பணியையும் மதிக்கக் கற்கிறது.

இயக்கமாய் வளர்ந்த எண்ணம்

1980இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987 முதல் ‘துளிர்’ என்னும் சிறுவர் அறிவியல் இதழை வெளியிட்டு, எளிய பொருள்களால் செய்யும் சோதனைகளைத் தமிழில் பரப்பியது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை, 2007-08இல் மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது.

எனினும், பொருள்களும் அட்டைகளும் மட்டும் அறிவியலைத் தந்துவிடா. என்ன நிகழும் என்று முதலில் ஊகித்தல், நிகழ்வதை உற்றுநோக்கல், ஊகம் பிழைத்தால் காரணம் தேடுதல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் செயல்பாடு அறிவியலாகும். விடையை முந்திச் சொல்லிவிடாமல் காத்திருக்கும் ஆசிரியரின் பொறுமையே இதற்கு முதல் தேவை. தட்டில் படிந்த உப்பைக் கண்டு, “எங்கள் வீட்டுக் கிணற்று நீரையும் வைத்துப் பார்க்கலாமா?” என்று ஒரு குழந்தை கேட்குமானால், அன்றைய வகுப்பு வெற்றி பெற்றுவிட்டது. ஆற்றைக் காக்கும் குடிமகன் அக்கேள்வியில்தான் பிறக்கிறான்.

தெரியுமா?

மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையும், தீங்கு நேருமுன்னரே தடுக்க வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு அறிவித்தது.

கற்பவை கற்றபின்

1. மூன்று தட்டுச் சோதனையைச் செய்து, கண்டவற்றை அட்டவணைப்படுத்துக. (சோதனை நீரைச் சுவைத்தலும் ஆலைக் கழிவுநீரைத் தொடுதலும் கூடா.)
2. உங்கள் ஊரின் தொழில் ஒன்றிலுள்ள அறிவியலைத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு விளக்கும் செயல்பாடு ஒன்றை வடிவமைக்க.
3. ‘தொழிலும் வேண்டும், ஆறும் வேண்டும்’ என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.