மாண்டிசோரியில் சேர்க்கும் முன் வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள்

"நாலு வயசாகுது, இன்னும் ஹோம்வொர்க்கே தர்றதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஏபிசிடி முழுக்க எழுதுறான்." பிள்ளையை மாண்டிசோரியில் சேர்த்தவர்கள் முதல் வருடம் பெரும்பாலும் இப்படித்தான் புலம்புகிறார்கள். பையில் நோட்டு இல்லையென்றால் படிப்பே இல்லை என்று நமக்குப் பழகிப்போயிருக்கிறது.

மாண்டிசோரி வகுப்பில் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைக் குழந்தை இரண்டு விரலால் தடவிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்லும். பென்சில் பிடிக்கும் முன்பே எழுத்து எந்தப் பக்கம் வளைகிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். 10 கட்டைகளை அளவுப்படி அடுக்கும் கோபுரத்தில் ஒன்று இடம் மாறினாலும் கண்ணே காட்டிக்கொடுக்கும். மிஸ் வந்து தப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கோபுரம் வகுப்புக்கு ஒன்றுதான், வேண்டுமென்றே. இன்னொருத்தி எடுத்திருந்தால் அவள் முடித்து வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். 3 முதல் 6 வயது வரை ஒரே அறை என்பதால் பட்டன் போடத் தெரியாத சின்னவனுக்குப் பெரியவள் சொல்லித்தருவாள். கைகட்டி உட்காருவதைவிட இதில்தான் நாலு பேரோடு பழகத் தெரிந்துகொள்கிறார்கள் என்பேன். அமெரிக்காவின் மில்வாக்கியில், குலுக்கலில் மாண்டிசோரி இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2006-ல் வெளிவந்தது. 5 வயதில் வாசிப்பு, கணக்கு, தகராறை நியாயம் பேசித் தீர்ப்பது எல்லாவற்றிலும் மாண்டிசோரி பிள்ளைகள் முந்தினார்கள். 12 வயதில் வாசிப்பிலும் கணக்கிலும் அந்த இடைவெளி இல்லை. ஒரே ஒரு மாண்டிசோரி பள்ளியை வைத்துச் செய்தது, அதனால் அதன் முடிவை ரொம்பவும் நீட்டக் கூடாது.

சிக்கல் பெயர்ப்பலகையில் இருக்கிறது. மாண்டிசோரி என்ற பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். 1939-ல் இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரியே அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த சென்னையிலும் இதே கதைதான். அட்மிஷனுக்கு முன் ஒரு மணி நேரம் வகுப்பில் ஓரமாக உட்காரக் கேளுங்கள். பொருள்கள் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, ஷோகேஸில் பூட்டியிருக்கிறார்களா? செய்கிற வேலையைப் பாதியில் மணியடித்து நிறுத்துகிறார்களா? எல்கேஜி, யூகேஜி என்று வயது பிரித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரு வருடம் போட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். மூன்றாம் வருடம்தான் உங்கள் பிள்ளை பெரியவனாகி மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் முறை வரும். ஒன்றாம் வகுப்புக்கு வழக்கமான பள்ளி என்றால், அதற்கு முந்தின கோடை விடுமுறையில் போர்டைப் பார்த்து நோட்டில் எழுத தினம் பத்து நிமிடம் பழக்குங்கள். இடத்தைவிட்டு எழும்ப மிஸ்ஸிடம் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் முதல் வாரமே டைரியில் புகார் வரும்.