வீட்டுக் கணிப்பொறியும் அதன் நோய் தீர்க்கும் முறையும்

தமிழ் பயிலும் மாணவர் கணிப்பொறியைப் பிரித்துப் பூட்டுவதைப் பற்றி எழுதப் புகுவதைக் கண்டு சிலர் நகைக்கக் கூடும். அந்நகை தகாதென்பது எம் கருத்து. முற்காலத்தில் சுவடி எழுதினோர் பனையோலையைப் பதப்படுத்தவும், எழுத்தாணியைத் தீட்டவும், எழுத்துத் தெளிவுற மஞ்சளும் விளக்குக் கரியும் கூட்டிப் பூசவும் அறிந்திருந்தனர். இக்காலத்தில் நம் ஓலையும் எழுத்தாணியும் கணிப்பொறியே ஆகிவிட்டமையின், அதன் உறுப்புகளையும் அவற்றிற்கு உறும் நோய்களையும் ஒருவாறு அறிந்திருத்தல் எழுத்தை விரும்பும் எவர்க்கும் கடனாகும்.

இவ்வகையில் நமக்கு முன்னோடியும் நம் காவிரிக்கரையிலேயே உளர். சுஜாதா என்னும் புனைபெயரால் நாடறிந்த எஸ். ரங்கராஜன் (1935–2008) திருவரங்கத்தில் வளர்ந்து, திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியிற் பயின்றவர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திற் பொறியாளராயிருந்து மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஆக்கத்திற் பங்குகொண்ட அவரே, கதை எழுதிய கையாற் கணிப்பொறியின் இயல்பையும் எளிய தமிழில் எழுதினார். அவர் ஊரிலேயே யாம் கற்ற ஒரு பாடத்தை ஈண்டுக் கூறுவோம்.

1. உறுப்புகள்

கணிப்பொறியின் பெட்டியைத் திறந்தாற் காணப்படும் உறுப்புகள் சிலவே. ஏனைய உறுப்புகளையெல்லாம் தாங்கி இணைப்பது மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை. அதன் நடுவே விசிறியின் கீழ் அமர்ந்து கணக்கிடுவது செயலி. வேலை நடக்கும்பொழுது மட்டும் செய்திகளை ஏந்தி, மின்சாரம் நின்றவுடன் அனைத்தையும் மறப்பது ராம் என்னும் நினைவகம். மின்சாரம் நின்றாலும் மறவாமற் காப்பது ஹார்ட் டிஸ்க் என்னும் வன்வட்டு. எஸ்.எம்.பி.எஸ். என்று கடைகளில் வழங்கும் மின்வழங்கி, வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாகக் குறைத்துப் பங்கிட்டளிக்கும். இவையன்றி நாணயம்போன்ற 3 வோல்ட்டு மின்கலம் ஒன்று தாய்ப்பலகையில் ஒட்டியிருந்து, பொறி உறங்கும்பொழுதும் நாளையும் நேரத்தையும் நினைவிற் கொள்ளும்.

2. நோயும் அதன் முதலும்

எம் வகுப்புத் தோழர் ஒருவரின் பாட்டனார் திருவரங்கத்தில் உத்திர வீதியில் வாழ்பவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். காவிரி, கொள்ளிடக் கரைகளிலுள்ள படித்துறைகளின் பெயர்களையும், அங்கே புழங்கும் மக்கள் வாயில் வழங்கி அருகிவரும் சொற்களையும் பன்னீராண்டுகளாகத் திரட்டித் தம் பழைய கணிப்பொறியில் தட்டெழுதி வைத்திருந்தார். அப்பொறி ஒருநாள் கண்விழிக்க மறுத்தது. தோழர் எம்மை அழைக்கவே, ஒரு சனிக்கிழமை பிற்பகலில் இருவரும் காவிரிப் பாலத்தைக் கடந்து சென்றோம். "வாருங்கள் தம்பி. மருத்துவரே வந்துவிட்டீர்கள், இனி எனக்கென்ன கவலை!" என்று பெரியவர் வரவேற்றார். அச்சொல் எம் தலையிற் சற்று ஏறிவிட்டது என்பதை ஒளிக்காமற் சொல்லுகின்றோம்.

பொத்தானை அழுத்தினால் விசிறி சுழன்றது, திரையில் ஒளியில்லை, நீண்ட கூவலொன்று விட்டுவிட்டுக் கேட்டது. அக்கூவல் வீண் ஓசையன்று. பொறி தன் நோயைக் கூறும் மொழி. அதன் பொருள் தாய்ப்பலகையை ஆக்கியோர்க்கேற்ப வேறுபடுமாதலின் உடன் வந்த கையேட்டைப் பார்த்தல் வேண்டும். இங்கே அது நினைவகத்தைச் சுட்டியது. மின்கம்பியைப் பிடுங்கி, எஞ்சிய மின்சாரம் கழியப் பொத்தானை ஒருமுறை அழுத்தி, உடலில் தேங்கிய மின்னூட்டம் நீங்கப் பெட்டியின் இரும்பைத் தொட்டபின்னர், நினைவகத் துண்டுகள் இரண்டையும் கழற்றினோம். அவற்றின் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் துடைத்து, முதலில் ஒன்றை மட்டும் பொருத்தினோம். பொறி விழித்தது. மற்றதனையும் பொருத்தினோம், அப்பொழுதும் விழித்தது. ஆகவே துண்டுகள் பழுதற்றவை, இடையிற் படிந்த அழுக்கே குற்றமுடையதென்று தெளிந்தோம். இரண்டையும் ஒருங்கே பொருத்திச் சோதித்திருந்து, பொறி விழியாதிருந்தால், பழுது எதனிடத்தென்று அறிந்திருக்கமாட்டோம். ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. மாற்றியதைக் குறித்து வைக்க. பயனைக் கண்டபின்னரே அடுத்ததைத் தொடுக. நோயையும் அதன் காரணத்தையும் முன்னர் ஆராய்ந்து பின்னரே மருந்து செய்யக் கூறிய வள்ளுவர் நெறி பொறிக்கும் பொருந்துவதே.

நிற்க. திரையில் நாள் பல்லாண்டு பின்சென்று காணப்பட்டது. அது மின்கலம் தீர்ந்தமையின் அடையாளம். சிறுவிலைக்குப் புதியதொன்று வாங்கியிட்டவுடன் அக்குறையும் தீர்ந்தது.

3. யாம் செய்த பிழை

இவ்வெற்றிகளால் எமக்குச் செருக்கு மிகுந்தது. பொறி விழித்தபோதிலும் நத்தைபோல ஊர்ந்தது; உள்ளிருந்து 'டிக், டிக்' என்னும் மெல்லோசை வந்தது. வன்வட்டினுள் உலோகம் பூசிய தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, அவற்றின்மேல் மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியிற் படிக்குந்தலை மிதந்து செல்லும். அத்தலை தன் இடத்தை அறியாது மீண்டும் மீண்டும் தேடுங்காலே இவ்வோசை பிறப்பது வழக்கம். இதனை யாம் படித்திருந்தும் பொருட்படுத்தாமல், வட்டினைச் சோதித்துத் திருத்தும் ஏவலை இட்டு ஒரு மணி நேரத்திற்கு மேல் ஓடவிட்டோம். சாகக்கிடப்பவனை எழுப்பி ஓடச்செய்தாற் போன்றது அச்செயல். அதுவும் பயனளியாதது கண்டு, வட்டினைத் துடைத்துவிட்டுப் புதிதாக விண்டோஸை நிறுவலாமென்று தோழரோடு பேசத் தொடங்கினோம்.

அப்பொழுது பெரியவர் காப்பியோடு வந்தவர், "என் குறிப்புகளை முதலில் வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டீர்களா, தம்பி?" என்று வினவினார்.

யாம் விடைகூறாது நின்றோம். அக்குறிப்புகளுக்கு வேறு படியில்லை என்பது அதன்பின்னரே எமக்குத் தெரிந்தது. அந்நொடியே பொறியை நிறுத்தினோம்.

4. மீட்ட முறை

மறுநாள் வன்வட்டைக் கழற்றி விடுதிக்குக் கொணர்ந்தோம். நல்லதொரு கணிப்பொறியை யு.எஸ்.பி. குச்சியிலிருந்தே இயங்கும் லினக்ஸால் எழுப்பி, தனி மின்னூட்டமுடைய இணைப்பியால் இவ்வட்டைப் பூட்டி, இதில் எதனையும் எழுதாமற் படிக்கமட்டும் செய்தோம். ஜி.என்.யு. டிடிரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருள் நலமான பகுதிகளை முதலில் விரைந்து படியெடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பின்னரே திரும்பி முயலும். சிதைந்த ஏட்டிலே தெளிந்த வரிகளை முதலிற் பெயர்த்தெழுதிக்கொண்டு, மங்கிய வரிகளைப் பின்னர் உற்றுநோக்கும் முறையே இது. இரவும் பகலும் ஓடி அவ்வேலை முடிந்தது. நாற்பத்தொரு கோப்புகளுள் முப்பத்தெட்டு முழுமையாய் மீண்டன, மூன்று சிதைந்துபோயின. யாம் முதலிலேயே நிறுத்தியிருந்தால் அம்மூன்றும் பிழைத்திருக்கக்கூடும்.

மீண்டவற்றைத் திறந்தபொழுது வேறொரு திகைப்பு நேர்ந்தது. தமிழுக்கு மாறாக ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் குறிகளும் பொருளின்றிக் கலந்து கிடந்தன. பழுது வட்டிலன்று, எழுத்துருவில். முற்காலத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கிலம் முதலியவற்றிற்குரிய எண்களின்மீதே தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்தன. ஒவ்வோர் எழுத்துருவும் தன் மனம்போனவாறு ஏற்றியது. இக்குழப்பந் தீர்க்க 1999 பிப்ரவரியிற் சென்னையிற் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டின் பின் டாம், டாப் என்னும் முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டன. 1991-இல் வெளிவந்த யூனிகோடு தமிழுக்கெனத் தனியிடம் அளித்திருந்தது. 2010-இல் தமிழ்நாட்டு அரசும் அதனை ஏற்றது. பெரியவரோ தம் பழைய எழுத்துருவை விடாது வந்தார்.

மாற்றுவதற்கு மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எனினும் அவற்றின் உள்ளீடு தமிழ் மாணவர்க்குச் சுவை பயப்பது. 'கொ' என்பதைப் பழைய எழுத்துரு, கண் காணும் வரிசைப்படி, கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டாய் வைத்தது. யூனிகோடோ முதலிற் ககரத்தையும் அதன்பின் ஒகரக் குறியையும் வைக்கின்றது. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னுமாகும் என்பதே நம் இலக்கண நூலார் கொள்கை. பழைய முறை கண்ணைப் பின்பற்றியது. புதிய முறை செவியைப் பின்பற்றுவது. ஆதலின் மாற்றுங்கால் எழுத்துகளின் வரிசையையும் திருப்ப வேண்டியதாயிற்று. இலக்கண வகுப்பிற் கற்றது பழுதுபார்க்கும் மேசையில் உதவுமென்று யாம் எண்ணியதில்லை.

5. புதிது சமைத்தல்

பழைய பொறியையே புதுக்கலாமோ என ஆராய்ந்தோம். பலகையின் மின்தேக்கிகள் சிலவற்றின் தலை உப்பியிருந்தது. அது விரைவில் வரும் இறுதிக்கு அறிகுறி. மேலும் அதன் டிடிஆர்2 நினைவகம் இக்காலப் பலகைகளிற் பொருந்தாது. அதிலிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலேயே பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஆகவே பெட்டி, திரை, விசைப்பலகை ஆகியவற்றை வைத்துக்கொண்டு, பலகை, செயலி, நினைவகம், மின்வழங்கி, சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி. ஆகியவற்றைப் புதிதாய் வாங்கினோம். 1995-இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவுமுறை இன்றும் வழங்குதலின் பழைய பெட்டியே புதிய பலகையை ஏற்றது.

வாங்குமுன் செயலி பலகையின் பொருத்துவாயிற்கு இசையுமோ, நினைவகம் அப்பலகைக்குரிய வகையோ என்பவற்றை நோக்குக. பெட்டியினுள் ஏற்றுமுன் பலகையை அட்டையின்மேல் வைத்துச் செயலி, விசிறி, ஒரு நினைவகத் துண்டு, மின்வழங்கி இவற்றை மட்டும் இணைத்துச் சோதிக்க. செயலியின் மேல் வெப்பம் கடத்தும் பசையைச் சிறு பயற்றளவே இடுக. பெட்டியிற் பொருத்துங்கால் பலகையின் அடியில் நிற்க வேண்டிய பித்தளைத் தாங்கிகளை மறவற்க. மறந்தால் இரும்பு பட்டு மின்குறுக்கம் நேரும். நம்மூர்க் கோடை வெப்பமும் தூசியும் விசிறிக்குப் பகையாதலின் அவ்வப்போது அதனைத் துடைத்தல் நன்று. மின்வெட்டு நேருங்கால் எழுதிக்கொண்டிருப்பது அழியாதிருக்க யு.பி.எஸ். ஒன்றும் வேண்டும்.

புதிய பொறி எழுந்தபின், சிதைந்த மூன்று கோப்புகளிலிருந்தவற்றைப் பெரியவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல யாம் தட்டெழுதினோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன. சில சொற்கள் அவர்க்கு நினைவில் வரவேயில்லை. "போகட்டும் தம்பி, அம்மா மண்டபத்திற்கு மறுபடியும் போய்க் கேட்போம்" என்றார். அவரிடம் அச்சொற்களைக் கூறியவர்களுள் இருவர் இப்பொழுது இல்லை என்பதைத் தோழர் வெளியில் வந்தபின் எம்மிடம் கூறினார்.

6. முடிவுரை

பொறி கெட்டால் வேறு வாங்கலாம். எழுத்து கெட்டால் எக்கடையிலும் கிடையாது. ஆதலின் படியெடுத்தல் முதற்கடன், ஆராய்தல் அதன்பின், பூட்டலும் புதுக்கலும் அவற்றின் பின்னரே. இம்முறையை மாற்றியதே யாம் செய்த பிழை. அக்குறிப்புகளின் படியொன்று இப்பொழுது திருவரங்கத்திலும், மற்றொன்று ஆற்றுக்கு இக்கரையில் எம் விடுதியிலும் உள்ளன. இதனைப் படிக்கும் அன்பர்கள், தம் வீட்டுப் பொறியில் ஒரே படியாய்க் கிடப்பது எதுவென்று இன்றிரவே நோக்குவார்களாயின், எம் பிழையும் பயனுடையதாகும்.