வீட்டுத் தொலைபேசிக் கம்பிகளை அறிவோம்

2024 டிசம்பர் 1ஆம் நாள், பெஞ்சல் புயல் கொணர்ந்த பெருமழையால் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து எழுவர் உயிரிழந்தனர். இத்தகைய வேளையில் 108 என்னும் எண்ணை அழைக்க வேண்டிய தொலைபேசி ஊமையாகிக் கிடந்தால் என்ன பயன்? ஆகவே, வீட்டிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் உள்ள தொலைபேசிக் கம்பிகளின் இயல்பைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம்.

பழைய முறை இணைப்பு இரண்டு செம்புக் கம்பிகளால் ஆனது. தொலைபேசி நிலையத்துப் பேட்டரி அதில் 48 வோல்ட் நேர்மின்சாரத்தைச் செலுத்துகிறது. ரிசீவரை எடுத்ததும் மின்சுற்று நிறைவுற்று, பேசும் ஒலி கேட்கிறது. மணி அடிப்பதற்குச் சுமார் 75 வோல்ட் மாறுமின்சாரம் வரும். எனவே, வெறுங்கம்பியைத் தொடுதல் கூடாது. மின்சாரம் நிலையத்திலிருந்தே வருவதால், ஊரில் மின்தடை நேர்ந்தாலும் சாதாரணக் கருவி இயங்கும்.

ஒளியிழை இணைப்பு இதனின்றும் வேறானது. கண்ணாடி இழையில் ஒளியே செல்லும். வீட்டிலுள்ள பெட்டிக்கு நம் வீட்டு மின்சாரம் தேவை. மின்சாரம் நின்றால் தொலைபேசியும் நிற்கும். பாரத்நெட் திட்டத்தின் வழியே கிராமப் பஞ்சாயத்துகளை ஒளியிழை எட்டிவரும் இக்காலத்தில், அப்பெட்டிக்குத் தனி பேட்டரி வைத்தல் இன்றியமையாதது.

செம்புக் கம்பித் தொலைபேசியில் ஒலி இல்லையெனில் செய்யத்தக்கவை:

1. வீட்டில் பல கருவிகள் இருப்பின், அவை ஒரே இணையில் சேர்ந்தவை. ஒன்றின் ரிசீவர் சரியாக வைக்கப்படாவிடினும் மற்றவற்றால் அழைக்க இயலாது. முதலில் இதனைக் கவனிக்க.

2. எல்லாக் கருவிகளையும் கழற்றி, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்க. எதனை மாட்டியதும் ஒலி நிற்கிறதோ அதுவே பழுதானது.

3. அப்போதும் ஒலி இல்லையேல், கம்பி வீட்டினுள் நுழையும் முதற் பெட்டியில் உள்கம்பிகளைப் பிரித்துவிட்டு, நல்ல கருவி ஒன்றை அங்கேயே இணைக்க. ஒலி கேட்டால் பழுது வீட்டுக் கம்பியில் உள்ளது; கேளாவிடில் வெளிக்கம்பியில் உள்ளது. பின்னதனை நிலையத்தார்க்குத் தெரிவிக்க வேண்டும்.

ஒளியிழைப் பெட்டியில் ஒரு விளக்கும் எரியாவிடில் முதலில் மின்சாரத்தைப் பார்க்க. இழையின் முனையைக் கண்ணால் உற்றுநோக்குதல் ஆகாது.

தொலைபேசிக் கம்பியை மின்கம்பியுடன் ஒரே குழாயில் செலுத்தலாகாது. இடி முழங்கும்போது கம்பித் தொலைபேசியில் பேசுவதும் கம்பியைத் தொடுவதும் கூடா. மழைக்காலத்திற்கு முன்னரே இணைப்புகளையும் பேட்டரியையும் சோதித்து வைப்பது ஒவ்வொரு பஞ்சாயத்தின் கடமையாகும்.