வரவும் வாடகையும்: ஒரு நகரக் குடும்பத்தின் கணக்கு

குறைந்த வருவாயில் பெருநகரத்தில் குடும்பம் நடத்துவது எப்படி? இவ்வினாவுக்கு நம் வீட்டுப் பெரியோர் தரும் விடை ‘சிக்கனம்’ என்னும் ஒரே சொல். சிக்கனம் நல்லதே. ஆயினும் எதைச் சுருக்குவது, எவ்வளவு சுருக்குவது, எதைச் சுருக்கவே கூடாது என்று அறிய அளவுகோல் ஒன்று வேண்டும். அவ்வளவுகோலை அறிஞர் எவ்வாறு கண்டனர், அதை நம் குடும்பங்களுக்கு எவ்வாறு பொருத்துவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் வட்டங்களிலிருந்து வந்தவர்கள். 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்தில் நின்ற தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள். நானும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். பாட்டனார் காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறிய குடும்பம் எங்களுடையது. இன்று இயற்பியல் முதுகலை பயில்கிறேன். படிப்பு முடிந்தபின் நம்மில் பெரும்பாலோர் போகுமிடம் கோவை, சென்னை, கொச்சி, பெங்களூர் ஆகிய நகரங்களே. முதற் சம்பளம் கைக்கு வருமுன் இக்கணக்கு நமக்குத் தெரிந்திருத்தல் நலம்.

இரண்டு விதிகள்

எர்னஸ்ட் எங்கெல் என்பவர் செர்மானிய அறிஞர். சுரங்கத் தொழிற்கல்வி பயின்று பின்னர்ப் புள்ளியியலுக்கு வந்தவர். பெல்ஜிய நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளை ஆராய்ந்து 1857-இல் ஒரு விதியை வெளியிட்டார். குடும்பத்தின் வருவாய் உயர உயர, அதில் உணவுக்குச் செல்லும் பங்கு குறைந்துகொண்டே வரும் என்பது அவ்விதி. உணவுக்குச் செலவாகும் தொகை கூடலாம், பங்கு குறையும். ஆகவே ஒரு குடும்பத்தின் உணவுப் பங்கைக் கண்டால் அதன் வறுமையையும் வளத்தையும் ஓரளவு மதிப்பிடலாம்.

பதினோராண்டு கழித்து, 1868-இல், பெர்லின் நகரத்து வாடகைகளை ஆராய்ந்த எர்மன் சுவாபே இன்னொரு விதியைக் கூறினார். வருவாய் குறையக் குறைய வாடகைக்குச் செல்லும் பங்கு ஏறும் என்றார் அவர். செல்வர் பெரிய வீட்டில் இருந்தாலும் வருவாயில் சிறு பங்கையே வாடகையாகத் தருகிறார். ஏழை ஓர் அறைக்கே பெரும் பங்கைத் தருகிறார். கிராமத்துக் குடும்பத்தை அளக்க எங்கெல் விதி போதும். நகரத்துக் குடும்பத்தை அளக்க இரண்டும் வேண்டும். காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

நம் நாட்டு அளவுகோல்

நம் நாட்டில் தொழிலாளர்க்குக் குறைந்த அளவு எவ்வளவு கூலி வேண்டும் என்பதை வகுத்தது 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு. கணவன் ஒரு பங்கு, மனைவி 0.8 பங்கு, இரு குழந்தைகள் தலைக்கு 0.6 பங்கு, ஆகக் குடும்பத்துக்கு மூன்று நுகர்வுப் பங்கு என்று அது கொண்டது. ஒரு பங்குக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெசம் துணி, அரசின் தொழிலாளர் வீட்டுத் திட்டத்து அளவில் வாடகை, விறகு விளக்கு முதலிய பிறவற்றுக்கு 20 விழுக்காடு என்று கணக்கிட்டது.

2,700 கலோரி என்னும் அளவு டாக்டர் ஏக்ராய்டின் ஆய்விலிருந்து எடுக்கப்பட்டது. அவர் நம் மேற்குமலைத் தொடரிலேயே, குன்னூரில் இருந்த உணவு ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக 1935 முதல் பத்தாண்டு பணியாற்றியவர். தேயிலைக்குப் பெயர்பெற்ற மலையொன்றில் பிறந்த அளவு, நாடு முழுவதிலும் கூலிக்கு அளவாயிற்று.

பின்னர் 1991-இல், சென்னையில் ஆலை நடத்திய ரெப்டகோஸ் பிரெட் நிறுவனத்துக்கும் அதன் தொழிலாளர்க்கும் இடையே நடந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் இவ்வளவைத் திருத்தியது. பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், பண்டிகை, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காகக் குறைந்தபட்சக் கூலியில் 25 விழுக்காடு இருக்கவேண்டும் என்றது. வயிற்றுக்கும் உடலுக்கும் மட்டும் கூலி போதாது, நாளைக்கும் வேண்டும் என்பதே அதன் கருத்து.

ஒரு குடும்பத்தின் கணக்கு

இனி ஓர் உண்மைக் குடும்பத்தை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம். என் அண்ணன் கோவை கணபதிப் பகுதியில் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டுகிறார். அண்ணி வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுக்கிறார். ஐந்து வயது மகன், இரண்டு வயது மகள். 1957-ஆம் ஆண்டு மாநாடு மனத்திற் கொண்ட அதே நால்வர் குடும்பம். பிடித்தம் போக அண்ணன் சம்பளம் ரூ. 18,500, அண்ணியின் தையல் ரூ. 1,500, ஆக வரவு ரூ. 20,000. அவர்கள் இசைவோடு ஒரு மாதச் செலவை இங்குத் தருகிறேன்.

வாடகை: ரூ. 6,500
மின்சாரம், தண்ணீர்: ரூ. 700
உணவுப் பொருள், பால், காய்கறி: ரூ. 7,200
எரிவாயு: ரூ. 650
போக்குவரத்து: ரூ. 1,000
மகனின் பள்ளிச் செலவு: ரூ. 1,400
மருந்து: ரூ. 500
துணி, சோப்பு, கைப்பேசி முதலியன: ரூ. 1,150
ஊரில் உள்ள பெற்றோருக்கு: ரூ. 1,500
கடன் தவணை: ரூ. 1,400

கூட்டினால் ரூ. 22,000. மாதந்தோறும் ரூ. 2,000 துண்டு விழுகிறது. அண்ணியின் கம்மல் அடகுக் கடையில் இருப்பதற்குக் காரணம் இதுவே. குடித்தனத்தில் ஊதாரித்தனம் ஏதும் இல்லை. அண்ணன் வெற்றிலைகூடப் போடுவதில்லை. அப்படியானால் கோளாறு எங்கே?

பெற்றோருக்கு அனுப்புவதையும் கடனையும் நீக்கினால் குடும்பத்தின் நுகர்வுச் செலவு ரூ. 19,100. அதில் உணவு 38 விழுக்காடு. வாடகை 34 விழுக்காடு. இதை நாட்டு நிலையோடு ஒப்பிடுவோம். ஆலைத் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டெண் 2016-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு 2020-இல் வெளியிடப்பட்டபோது, அதில் உணவுக்கு 39.17 விழுக்காடும் வீட்டுக்கு 16.87 விழுக்காடும் எடை தரப்பட்டன. எங்கெல் விதியை மட்டும் கொண்டு பார்த்தால் அண்ணன் குடும்பம் நாட்டுச் சராசரியில் நிற்கிறது. வறுமை இல்லை என்றே தோன்றும். ஆனால் வாடகைப் பங்கோ சராசரியைப்போல் இரு மடங்கு!

இங்கேதான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். வாடகையை முதலில் கழித்துவிட்டு, எஞ்சிய செலவில் உணவின் பங்கைக் காண்போம். ரூ. 12,600-இல் ரூ. 7,200, அஃதாவது 57 விழுக்காடு. சராசரித் தொழிலாளர் குடும்பத்துக்கு இதே கணக்கு 47 விழுக்காடுதான். வாடகை மற்றச் செலவுகளையெல்லாம் நெருக்கிவிட்டதால் உணவுப் பங்கு சிறியதுபோல் தோன்றியது. வாடகையை விலக்கியதும் உண்மை நிலை வெளிப்பட்டது. நகரத்துக் குடும்பத்தை அளப்பதற்கு இதுவே சரியான முறை என்பது என் துணிபு.

உச்ச நீதிமன்றம் கூறிய 25 விழுக்காட்டையும் பார்ப்போம். ரூ. 20,000-இல் அது ரூ. 5,000. கல்வி, மருந்து, பெற்றோர்க்கு அனுப்புவது மூன்றையும் கூட்டினாலும் ரூ. 3,400 தான் வருகிறது. பண்டிகைக்கும் சேமிப்புக்கும் ஒரு காசும் இல்லை.

எல்லை தாண்டிக் குடியேறினால்?

‘வாளையார்ப் பக்கம் வந்துவிடு, பாதி வாடகைக்கு வீடு கிடைக்கும், தமிழ் பேசுவோரும் உண்டு, இரயிலில் வேலைக்குப் போய்வரலாம்’ என்று உறவினர் கூறினர். பாலக்காட்டு எல்லையிலிருந்து நாள்தோறும் கோவைக்கு வேலைக்குச் செல்வோர் பலர். நகர நடுவிலிருந்து விலக விலக வாடகை குறையும், போக்குவரத்துச் செலவு ஏறும் என்று வில்லியம் அலோன்சோ 1964-இல் எழுதிய நூலில் விளக்கினார். ஏறுவதைக் குறைவதிலிருந்து கழித்துப் பார்த்தால்தான் ஆதாயம் தெரியும்.

வாளையாரில் வாடகை ரூ. 3,000 என்று கொள்வோம். மிச்சம் ரூ. 3,500. இரயில் சீட்டு, நகரப் பேருந்து ஆகியவற்றால் கூடும் செலவு ரூ. 900. அண்ணிக்குத் துணி தரும் கடை கோவையில் உள்ளது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் மகளிர்க்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியதால்தான், துணியை எடுத்துவருவதும் கொண்டுகொடுப்பதும் அவருக்குக் கட்டுப்படியாகிறது. எல்லை தாண்டினால் அவ்வேலை நின்றுவிடும், இழப்பு ரூ. 1,500. ஆக உண்மை ஆதாயம் ரூ. 1,100 மட்டுமே. துண்டு முற்றும் அடையவில்லை.

நேரத்தையும் கணக்கிட வேண்டும். நாளுக்கு இரண்டு மணி கூடுதலாகப் பயணம். 26 நாளுக்கு 52 மணி. அண்ணன் மணிக்கு ரூ. 21 வீதம் தம் நேரத்தை விற்றவராகிறார். பிள்ளைகள் விழித்திருக்கும் வேளையில் அவர் வீட்டில் இருக்கமாட்டார். மலிவான வீடு எப்போதும் மலிவாவதில்லை என்பதை இதனால் அறிக.

துண்டை அடைக்கும் வழி

அப்படியானால் வழி என்ன? செலவுப் பட்டியலில் இரண்டு இனங்கள் நம் கைக்கு எட்டுவன.

முதலாவது அரிசி. ஊரில் பெற்றோரிடம் உள்ள இளஞ்சிவப்புக் குடும்ப அட்டை முன்னுரிமைப் பிரிவைச் சேர்ந்தது. அத்தகைய அட்டைக்கு உறுப்பினர் ஒருவர்க்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. 2023 சனவரி முதல் அது விலையின்றி வழங்கப்படுகிறது. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தின்படி, பெற்றோர் தங்கள் பங்கை மலையிலும் அண்ணன் குடும்பம் தன் பங்கைக் கோவையிலும் பெறலாம். அண்ணன், அண்ணி பெயர்கள் அட்டையில் உள்ளன. குழந்தைகளின் பெயரையும் சேர்த்து, ஆதாரையும் இணைக்கவேண்டும். நால்வர்க்கு 20 கிலோ. கடை விலையில் ஏறக்குறைய ரூ. 900 மிச்சம். ஒரு கிலோ அரிசி சுமார் 3,450 கலோரி தரும் என்று கொண்டால், ஏக்ராய்டு அளவின்படி இக்குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்கு வேண்டிய 2,43,000 கலோரியில் கால் பங்குக்கு மேல் இதிலேயே அடங்கிவிடும்.

இரண்டாவது பள்ளி. அரசு தொடக்கப் பள்ளியில் சேர்த்தால் ரூ. 1,400 மிச்சம். தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. அண்ணன் இதற்கு எளிதில் இசையவில்லை. ‘நான் படிக்காத ஆங்கிலத்தை என் மகனாவது படிக்கட்டும்’ என்றார். அவர் ஏக்கம் பொய்யன்று. அதை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தே இங்கு வந்தேன். கல்லூரி முதலாண்டில் ஆங்கிலப் பாடநூலோடு நான் பட்ட பாடும் அவருக்குத் தெரியும். ஆயினும் அடகுக் கடைக்கு வட்டி கட்டிக்கொண்டு ஐந்து வயதில் வாங்கும் ஆங்கிலத்தைவிட, வீட்டில் அமைதியோடு பத்து வயதில் கற்கும் ஆங்கிலம் நிலைத்து நிற்கும் என்றேன். அண்ணிதான் முடிவைச் சொன்னார்: ‘இந்த ஆனிக்கு அரசுப் பள்ளி, மிச்சத்தில் கம்மலை மீட்போம்.’

இரண்டும் சேர்ந்து ரூ. 2,300. துண்டு அடைந்து மாதம் ரூ. 300 கையில் நிற்கிறது.

நாளைய கணக்கு

முந்நூறு ரூபாய் போதுமா? இங்கே மூன்றாவது அறிஞர் ஒருவரை நினைவுகூர்வோம். வேதியியல் பயின்ற சீபோம் ரவுண்ட்ரீ, இங்கிலாந்தில் யார்க் நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களை 1899-இல் ஆராய்ந்து 1901-இல் நூல் வெளியிட்டார். ஒரு தொழிலாளியின் வாழ்வில் வறுமை மூன்று முறை வருகிறது என்றார்: தான் குழந்தையாய் இருக்கையில், தனக்குக் குழந்தைகள் பிறக்கையில், முதுமையில். அண்ணன் இப்போது இரண்டாவது பள்ளத்தில் நிற்கிறார். எங்கள் பெற்றோர் மூன்றாவதை நெருங்குகின்றனர்.

தோட்டத் தொழிலாளர்க்கு வீடும் மருத்துவமும் தருவதை 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின் கடமையாக்கியது. ஆகவே கூலி சிறிதாயினும் வாடகை இல்லை. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்டபோது நாட்கூலி ரூ. 232, அவர்கள் கேட்டது ரூ. 500, அக்டோபரில் கிடைத்தது ரூ. 301. அக்கூலியில் சேமிப்பு எங்கே? ஓய்வு பெற்றதும் வீட்டையும் விடவேண்டும். நாற்பதாண்டு வாடகையின்றி இருந்தவர்க்கு, வருவாய் நின்ற அன்றே வாடகை தொடங்குகிறது!

அம்மா ஓய்வு பெற நான்காண்டு உள்ளது. அப்போது அவரது பணிக்காலம் முப்பதாண்டு. 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் வகுத்த கணக்கின்படி ஆண்டுக்குப் பதினைந்து நாட்கூலி. ஆக 450 நாட்கூலி. இது ஒரே முறை வரும் பணம். திருமணச் செலவிலும் கடனிலும் இது கரைந்துபோன வீடுகளை நம் லயங்களில் நாம் கண்டிருக்கிறோம். இதைக் கொண்டு வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சில சென்ட் நிலம் வாங்குவது என்று எங்கள் வீட்டில் பேசி முடித்துள்ளோம். கேரளத்துக்குள்ளேயே இருப்பதால் குடும்ப அட்டை கைவிட்டுப் போகாது. சொந்த வீடில்லாதார்க்காக 2016-இல் கேரள அரசு அறிவித்த லைஃப் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம். கோவையிலிருந்து அண்ணன் ஞாயிறுதோறும் வந்துபோகலாம். உழைப்பவன் குடியிருக்கப் பொருந்தாத எல்லையூர், ஓய்ந்தவர் குடியிருக்கப் பொருந்துகிறது. நான் வேலைக்குச் சென்றதும் அனுப்பும் முதற்பணம் அந்நிலத்துக்கே.

தோழர்களே! இவ்விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேடு கொண்டுசெல்லுங்கள். ஒரு மாதச் செலவை எழுதுங்கள். வாடகையைக் கழித்து உணவுப் பங்கைக் காணுங்கள். இலவச வீட்டில் இருப்போர், அவ்வீடு போனால் தரவேண்டிய வாடகையையும் தனியே எழுதுங்கள். அட்டை, பள்ளி, பணிக்கொடை மூன்றையும் பெற்றோரோடு உட்கார்ந்து பேசுங்கள். நாம் கற்ற கணிதத்தை முதலில் நம் வீட்டு அடுப்பங்கரைக்குப் பயன்படுத்துவோம்.